பின்தலையில் ஒரு கட்டி

நெய்வேலி மைன்ஸுக்குள் ஷிப்ட் தவறாமல் போய்வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளிகளில் இன்னாசிமுத்து என்று ஒருவன் இருக்கிறான். இருக்கிறான் என்று கேட் பாஸ் சொல்கிறது, ஆதார் அட்டை சொல்கிறது, ரேஷன் கார்டும் சொல்கிறது. இத்தனை சாட்சிகள் சொன்னாலும் விஷயம் வேறு. இன்னாசிமுத்து செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவன் பெயரில் தினமும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவன் அவனுடைய தம்பி சைமன்ராஜ். நாம் இவனைச் சைமன் என்றே சொல்லிவைப்போம். அவன் காதில் விழுந்தால் பாவம், வெலவெலத்துப் போய்விடுவான்.

சரியான பித்தலாட்டக்காரன் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். கம்மாபுரம் பக்கத்துச் சின்ன ஊர் அவர்களுடையது. அப்பன் முன்பே போய்விட்டான். அண்ணன் இன்னாசிமுத்துவின் மைன்ஸ் கூலிதான் வீட்டில் உலை வைத்தது. அந்த அண்ணன் மஞ்சள் காமாலை முற்றி மூன்றே நாளில் கண்ணை மூடினான். அவனைப் புதைத்த மண் ஈரம் காய்வதற்குள் மேஸ்திரி சாமிக்கண்ணு துக்கம் விசாரிக்க வந்தார். விசாரித்துவிட்டுச் சைமனை ஓரமாக அழைத்துப் போனார்.

"லிஸ்ட்ட மூடிட்டானுங்கடா. புதுசா பாஸ் வாங்கணும்னா ஆறு மாசம் ஆவும். அதுவரிக்கும் உங்க அம்மா என்னாத்த துன்னும்? நீ அண்ணன் பாஸையே எடுத்துகினு வா. ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒரே அச்சு. ஒரு மாசம் ஓட்டு, அப்பாலிக்கா மாத்திக்கலாம்."

அந்த ஒரு மாதம்தான் இன்னும் முடியவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்த நேரத்தில் சீனியாரிட்டி லிஸ்ட் வந்தது. அதில் இன்னாசிமுத்து என்ற பெயர் மேலே இருந்தது. சைமன்ராஜ் என்று எழுதினால் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். மேஸ்திரியும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். சாவைப் பதிவு செய்ய யாரும் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போகவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை இன்னாசிமுத்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல்நாள் கேட்டில் நடந்ததை மட்டும் சைமன் மறக்கவே இல்லை. பாஸில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருந்தது. வலது முழங்காலில் தழும்பு. அது முந்திரி மரம் ஏறிய எல்லோருக்கும் உண்டு. இரண்டாவது, பின்தலையில் ஒரு கட்டி. அண்ணனுக்குப் புளியங்கொட்டை பருமனில் அங்கே ஒன்று இருந்தது. காவலாளி ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிப் பின்தலையைத் தடவிப் பார்த்தார்.

"கட்டி எங்கய்யா?"

"அறுத்துட்டேங்க" என்றான் சைமன்.

பின்னால் நூறு பேர் நின்றதால் விட்டுவிட்டார். சைமனைத்தான் பயம் விடவில்லை. நாளைக்கு இன்னொருவர் தடவிப் பார்த்தால்? மறுநாள் பூசையில் முழங்கால் போட்டு, அண்ணனின் கட்டி தனக்கும் வரவேண்டும் என்று மனமுருகி வேண்டினான். சுகம் கேட்டு வேண்டுகிறவர்கள் உண்டு, பிள்ளை கேட்டு வேண்டுகிறவர்கள் உண்டு. கட்டி கேட்டு வேண்டியவன் அந்தக் கோயிலில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இரண்டு வருஷம் கழித்து வந்தது. தலை துவட்டும்போது விரலில் மிளகு போல ஒன்று தட்டுப்பட்டது. ஆறு மாதத்தில் பட்டாணி ஆயிற்று, அப்புறம் புளியங்கொட்டை. அண்ணனுக்கு இருந்த அதே இடம். அந்த இடத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சின்ன வயசில் அண்ணன் கோபம் வந்தால் விரலை மடக்கிப் பின்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பான். குட்டு விழுகிற இடத்தில்தான் கட்டி வந்து உட்கார்ந்தது. சைமன் மல்லாந்து படுப்பதை விட்டான். படுத்தால், மடக்கிய விரல் ஒன்று தலையணைக்குள்ளிருந்து அழுத்துவது அவனுக்கு அப்படியே தெரிந்தது.

மனைவி ஆனியிடம் மட்டும் சொன்னான். கல்யாணத்துக்கு முன்பே பெயர் விவகாரம் முழுக்க அறிந்தவள் அவள். பழைய பங்குச் சாமியார் சைமன்ராஜ் என்றே எழுதித்தான் தாலி எடுத்துக் கொடுத்தார். அவள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டுப் பார்த்தாள். வேளாங்கண்ணிக்குப் போனபோது அவனுக்குத் தெரியாமல், கட்டி கரைய வேண்டி உப்பும் மிளகும் காணிக்கை வைத்துவிட்டு வந்தாள். தெரிந்தபோது சைமன் குதித்தான்.

"அது போயிட்டா கேட்ல என்னாத்தடி காட்டுவேன்?"

"வச்சிக்கங்க. உங்க அண்ணனையே தலைல தூக்கி வச்சிகினு ஆடுங்க" என்றாள் ஆனி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

இதற்கிடையில் ஊர் போயிற்று. நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தார்கள். சனங்கள் ஆளுக்கொரு திசையில் குடிபோனார்கள். கல்லறைத் தோட்டமும் அந்த எல்லைக்குள் வந்தது. தங்கள் குடும்பத்து எலும்புகளை எடுத்துப் போகிறவர்கள் பெயர் எழுதிக்கொடுத்து இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். பக்கத்து வீட்டார் எல்லாம் பெட்டி கொண்டுபோய் எடுத்து, புது இடத்தில் மந்திரித்துப் புதைத்தார்கள். சைமன் போகவில்லை. என்னவென்று எழுதிக்கொடுப்பான்? இறந்தவர் இன்னாசிமுத்து, எடுப்பவர் இன்னாசிமுத்து என்றா? அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கடைசித் தேதியும் போயிற்று. அம்மா அந்த வருஷமே செத்துப்போனாள். ஏன்டா போகவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்டிருந்தால் தேவலை.

அதுமுதல், சுரங்கத்தில் வெட்டிய மண்ணை மேட்டுக்குக் கொண்டுபோகிற பெல்ட்டை அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிச் சுத்தம் செய்வதுதான் அவன் வேலை. குனிந்தே செய்கிற வேலை, ஆகவே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மண்வெட்டியில் வெள்ளையாக எது தட்டினாலும் கை நின்றுவிடும். அது கல்லாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் கல்தான். ஆனாலும் அதை மண்ணோடு மண்ணாக வாரிப்போட அவனுக்கு மனசு வராது. தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வருவான்.

ஒருநாள் பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். பழுது பார்க்கப் பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள். எந்நேரமும் இரைச்சல் நிறைந்த இடத்தில் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொள்ளும். அந்த அமைதியில், கழுத்துக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

"டேய் சைமா."

சைமன் திரும்பினான். யாரும் இல்லை. நீளமாக நின்றுபோன பெல்ட், அதன்மேல் ஈர மண். முப்பது அடி தள்ளி ஜோஸ்வா, கூட வேலை பார்ப்பவன், அதே பங்குக் கோயிலுக்கு வருகிறவன், தூக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கூப்ட்டியா?"

"நான் எங்க கூப்ட்டேன்? இன்னாசி, பெல்ட் சத்தம் உன் மண்டைக்குள்ளயே குடி வந்துடுச்சு" என்று சிரித்தான் ஜோஸ்வா.

ஜோஸ்வாவுக்குச் சைமன் என்ற பெயரே தெரியாது. மைன்ஸில் ஒருத்தருக்கும் தெரியாது. அன்றைக்குச் சைமனுக்குக் காய்ச்சல் கண்டது. கட்டி விண்விண்ணென்று தெறித்தது. அண்ணன் தலையில்தான் இருக்கிறான், இடம் கொடுத்தவன் நான்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். அதில் பயம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஆறுதலும் இருந்தது. எலும்பைத்தான் எடுக்கவில்லை, ஆளையாவது சுமக்கிறோமே என்ற ஆறுதல்.

இப்படியே காலம் போயிருக்கும். போன அக்டோபரில் புது ஹெல்மெட் கொடுத்தார்கள். அதன் உள்பட்டை உரசி உரசிக் கட்டியின் மேல்தோல் சிவந்து காந்தியது. டிசம்பரில் சீனியாரிட்டி லிஸ்ட்காரர்களுக்கு நேரில் சரிபார்ப்பு, அதன் பிறகு பெர்மனென்ட் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. பாஸில் உள்ள அடையாளத்தை உடம்போடு ஒத்துப் பார்ப்பார்களாம். இருபத்திரண்டு வருஷமும் அந்த ஒரு கட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் ஜெப்ரின் கடலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு விடவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டே போய்விட்டாள். பெற்ற மகள் நர்ஸ் ஆகப் போகிறாள் என்றால் வீட்டில் யாரும் நிம்மதியாக நோயோடு இருக்க முடியாது.

டாக்டர் எழில்மதி கட்டியை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பார்த்தார். சைமன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எவ்வளவு நாளா இருக்குங்க?"

"இருவது வருசம் இருக்குங்க."

"பயப்பட ஒண்ணும் இல்லீங்க. இது தோலுக்கு அடியில சின்னப் பை மாதிரி. முடியும் நகமும் எந்தச் சத்தால ஆகுதோ, அது வெளிய வர வழியில்லாம உள்ளயே சேர்ந்திருக்குது. தலையில முடி இருக்கற இடத்துலதான் பெரும்பாலும் வரும். புத்து கித்துன்னு நினைச்சுக்காதீங்க. இப்ப ஹெல்மெட் உரசித்தான் சிவந்திருக்கு, சீழ் வைக்கல. பட்டைக்கு அடியில மெத்துன்னு துணி வச்சுக்கங்க. பிதுக்கக் கூடாது, ஊசியால குத்தக் கூடாது, சுண்ணாம்பெல்லாம் போடக் கூடாது."

ஜெப்ரின் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"எடுத்தே ஆகணுமா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"அவசியம் இல்லம்மா. தொந்தரவா இருந்தா மரத்துப்போக ஊசி போட்டுப் பையோட எடுத்துடலாம், அன்னிக்கே வூட்டுக்குப் போயிடலாம். பை கொஞ்சம் தங்கிட்டாலும் மறுபடி வரும். இல்ல, அப்படியே விட்டாலும் ஒண்ணும் பண்ணாது. திடீர்னு பெருசானா, சூடா வலிச்சா, தண்ணி வடிஞ்சா மட்டும் உடனே வாங்க." அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "இது குடும்பத்துல வர்றது. உங்க வூட்டுல வேற யாருக்காவது இருந்துதுங்களா?"

சைமனுக்கு வாய் தவறியது.

"அண்ணனுக்கு இருந்துச்சுங்க. இதே எடத்துல."

"அப்பாவுக்கு?"

"அப்பா எந்நேரமும் தலையில துண்டு கட்டிகினு இருப்பாருங்க. பாத்ததில்ல."

"இருந்திருக்கும். அப்பாகிட்டருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கும், அவ்வளவுதான்" என்று சீட்டில் எழுதத் தொடங்கினார் எழில்மதி.

ஜெப்ரின் அப்பாவின் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தாள். "எனக்குப் பெரியப்பா இருந்தாங்களா? சொல்லவே இல்ல? பேரு என்னாப்பா?"

மேஜைமேல் கிடந்த சீட்டில் இன்னாசிமுத்து, வயது 48 என்று எழுதியிருந்தது. வயதுகூட அண்ணனுடையது. அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்ல முடியாது. வேறு பெயர் ஒன்றுகூட அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை.

"சைமன்ராஜ்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துட்டாரும்மா. ரொம்ப நாளாச்சு."

தன் வாயால் தன்னைச் சாகடித்துவிட்டு, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வண்டியில் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. அப்பனிடமிருந்து வந்த கட்டி. அண்ணன் வந்து உட்காரவில்லை. அவன் வேண்டிக்கொண்டதற்கும் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்குத் தலைபாரம் இறங்கியது என்று சந்தோஷப்பட்டிருப்பான். சைமனால் முடியவில்லை. இத்தனை வருஷமும் அண்ணன் தன் தலையில் இருக்கிறான் என்று நம்பியல்லவா, குழியைத் தேடிப் போகாமலும், பூசை வைக்காமலும் இருந்தான்? தலையில் இல்லை என்றால் அண்ணன் எங்கே இருக்கிறான்? யார் எடுத்தது அவனை? அந்த மண் எந்த மேட்டில் கொட்டிக் கிடக்கிறது?

அதன் பிறகு கட்டி வலிக்கவில்லை, சிவப்பும் ஆறியது. அவன் மல்லாந்து படுத்துப் பார்த்தான். தலையணைக்குள் யாரும் இல்லை. அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலம் இப்போதிருக்கிற பங்கின் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. மழைக்குக் கருக்கிக்கொண்டு வந்தது. சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகச் சனங்கள் அவரவர் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். ஆனியும் ஜெப்ரினும் ஆனியின் தாயாருடைய கல்லறையைக் கழுவிப் பூ வைத்தார்கள். சைமன் வழக்கம்போல மதிலோரம் நின்றான். பூசைக்கு முன் உபதேசியார் அருள், ஒவ்வொரு குடும்பமும் எழுதிக்கொடுத்த இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார். வாசிக்கிற ஆன்மாக்களுக்காகக் கூட்டம் முழுவதும் வேண்டிக்கொள்ளும். அந்த லிஸ்ட்டில் சைமன் அண்ணன் பெயரை ஒரு வருஷம்கூடக் கொடுத்ததில்லை. மைன்ஸ்காரர்கள் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

அருள் வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஏதாவது ஒரு கல்லறைப் பக்கம் ஒரு விசும்பல் எழுந்து அடங்கியது.

"சைமன்ராஜ்."

மதிலோரம் நின்றவனுக்கு முதலில் புரியவில்லை. யாரோ கூப்பிட்டதாக நினைத்து ஒரு அடி முன்னால் வைத்துவிட்டான். அதற்குள் முன்னூறு பேரும் ஒரே குரலில், சைமன்ராஜின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று கேட்டார்கள். பழக்கத்தில் அவன் வாயும் கூடவே சொல்லியது. சொல்லி முடித்த பிறகுதான் அது தன் பெயர் என்று உறைத்தது. ஆனி கல்லறைப் பக்கமிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜெப்ரின் கல்லறைகளுக்கு நடுவே வேகமாக வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

"நான்தாம்பா எழுதிக் குடுத்தேன். இத்தன வருசத்துல நம்ம வூட்லருந்து பெரியப்பா பேர ஒருதடவகூடக் குடுக்கலன்னு உபதேசியார் ஏட்ட பாத்துச் சொன்னாரு. உங்ககிட்ட கேட்டா அழுவீங்கன்னு கேக்கல. அங்க பாருங்க, அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு கொளுத்தி வச்சிருக்கேன்."

பெரிய சிலுவையின் அடியில், குழி இல்லாதவர்களுக்காக வைக்கிற இடத்தில், ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. காற்று இருந்தும் ஆடாமல் எரிந்தது. சைமன் அதையே பார்த்தான். அது தனக்கு ஏற்றியது. முன்னூறு பேர் கேட்ட இளைப்பாற்றியும் தனக்குக் கேட்டது. அண்ணனுடைய வேலையை எடுத்துக்கொண்டான், பெயரை எடுத்துக்கொண்டான், வயதை எடுத்துக்கொண்டான். குழியைக் கைவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அண்ணனுக்கு என்று ஒரு பிள்ளை கேட்ட ஜெபம், அதையும் இவனே வாங்கிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு சொல்லி முடியாது.

அருள் லிஸ்ட்டை மடிக்கப் போனார். சைமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றான்.

"இன்னொரு பேரு இருக்குங்க."

"சொல்லு இன்னாசி, யாரு?"

"இன்னாசிமுத்து."

மைக் இன்னும் அணையவில்லை. பெயர் தோட்டம் முழுக்கக் கேட்டது. ஜோஸ்வா முதல் வரிசையிலிருந்து சிரித்தான். "டேய், உன் பேரையே குடுக்குற?"

"அது என் பேரு இல்ல" என்றான் சைமன். "எங்க அண்ணன் பேரு. ரெண்டாயிரத்து ரெண்டுல காமாலைல செத்துட்டாரு. அவரு பாஸ்லதான் நான் வேலைக்கு வந்துகினு இருக்கேன். எலும்பக்கூட எடுக்கல நான். அவருக்கு ஒருத்தரும் வேண்டிக்கல. இப்ப வேண்டிக்கங்க."

சிரிப்பு நின்றது. மைன்ஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குள் இது கேட் வரைக்கும் போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்தது, சைமனுக்கும் தெரிந்தது. அருள் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய், இன்னாசிமுத்து என்று தெளிவாக வாசித்தார். கூட்டம் தடுமாறி, பின்பு சேர்ந்து, அந்த ஆன்மாவுக்காகக் கேட்டது.

ஜெப்ரின் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நீங்க யாருப்பா?"

"சைமன்ராஜ்" என்றான்.

அவள் ஓடினாள். சிலுவையடியில் மண்டிபோட்டு, உயிரோடு இருக்கிற அப்பாவுக்காக எரிந்துகொண்டிருந்த சுடரை வெறும் விரலால் கிள்ளி அணைத்தாள். சுட்டதைப் பார்க்கவில்லை. சைமன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கருகிய திரியைச் சரிசெய்து, பக்கத்துச் சுடரில் பற்றவைத்து, அண்ணா என்று இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டான்.